அத்தை தூக்கிய மாதா

எனக்கும் என் மாமியார் விர்ஜினிக்கும் முதல் பத்து வருஷம் ஆகவே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், செத்துப்போனவர்களைப் பற்றி எல்லாரும் நல்லதாகத்தான் எழுதுவார்கள், இந்தச் சூசானும் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொள்வீர்கள். அத்தைக்குப் பிடிவாதம் அதிகம். எனக்கு வாய் அதிகம். ஒரே சமையலறையில் இரண்டும் இருந்தால் வீடு உருப்படுமா? கல்யாணமாகி வந்த மறுநாள் என் மீன் குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மோந்தியே! புளி என்னா, உங்க அப்பா வீட்ல மரமா வெச்சிருக்காரு?" என்றார். கடவுளே என்று சொல்லவேண்டிய இடத்தில் அவர் வாயில் பிரெஞ்சுதான் வரும். "ஆமா அத்தை, ரெண்டு மரம்" என்றேன். ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

அவர் பிறந்தது 1924இல், முதலியார்பேட்டையில். பதினெட்டு வயதில் அலெக்சி மாமாவுக்குக் கட்டிவைத்தார்கள். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். பாதி வாழ்க்கையைக் கப்பலிலும் வேற்று நாட்டிலும் கழித்தவர். அவர் வருவதும் போவதுமாக இருக்க, ஒகுஸ்த், மிக்காயேல் என்ற இரண்டு பையன்களையும் அத்தைதான் தனியாக வளர்த்தார். மூத்தவர் ஒகுஸ்த் என் வீட்டுக்காரர். மிக்காயேல் அவரைவிட ஐந்து வயது இளையவன். எதிலும் கோணலாகப் போகிறவன், அதனாலேயே அம்மாவுக்குச் செல்லம்.

மாமா அறுபதுகளில் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது லூர்திலிருந்து ஒரு மாதா சுரூபம் வாங்கி வந்தார். இரண்டடி உயரம், வெள்ளை உடுப்பு, இடுப்பில் நீலக் கச்சை, பிளாஸ்டரில் செய்தது. கம்பளியில் சுற்றிக் கப்பல் பயணம் முழுக்க மடியிலேயே வைத்திருந்தாராம். அந்த மாதாதான் நாற்பது வருஷமாக எங்கள் கோயில் பங்கில் ஒவ்வொரு அக்டோபரும், ஜெபமாலை மாதத்தில், வீடு வீடாகப் போனது. ஒரு வீட்டில் ஒரு நாள் தங்குவார். மறுநாள் சாயங்காலம் எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்லி அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போவோம். மாதாவுக்கு முன்னால் விளக்கு ஏற்றிவிட்டால் மறுநாள் சாயங்காலம் வரை அந்த வீட்டை விட்டு எடுக்கக்கூடாது. எடுக்க வருகிறவர் வீட்டுக்குள் போய் முடிவு ஜெபம் சொல்லித்தான் எடுக்கவேண்டும். அந்த எடுக்கிறவர் எப்போதும் அத்தைதான்.

மற்ற மாதங்களில் அவர் சும்மா இருந்தார் என்று நினைக்கவேண்டாம். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆளில்லாமல் கிடக்கும் பெண்களுக்குக் காலையில் கஞ்சி கொண்டுபோவார். பங்கில் எந்தப் பொம்பளை செத்தாலும் குளிப்பாட்டிப் புடவை கட்டித் தலை வாரி விடுவார். "செத்தவங்களுக்குக் கூச்சம் அதிகம், மெதுவா தொடணும்" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். வீட்டில் நான் கட்டிய புடவையை ஒருநாளாவது நல்லாயிருக்கு என்று சொன்னதுண்டா இந்தப் பொம்பளை!

ஆனால் அக்டோபர் சாயங்காலங்களில் அவரைப் பார்க்கவேண்டும். மழைக்கு முந்தின ஈரக்காற்று கடல் பக்கமிருந்து வரும். காகிதத்தில் சுற்றிய மெழுகுவத்திகள் தெரு நீளத்துக்கு அசையும். ஜெபத்தின் முனகல் வீடுகளின் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, முன்னால் சொல்பவர்கள் யார், பின்னால் சொல்பவர்கள் யார் என்றே தெரியாது. அத்தை மாதாவை இடுப்பில் குழந்தை மாதிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, செருப்பில்லாமல் நடப்பார். பள்ளம் மேடு எதுவும் அவருக்குத் தடுக்காது. தூக்கத்தில் நடக்கிறாரோ என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. அவர் பின்னால் போகும்போது எனக்கும் கால் தரையில் படாத மாதிரி இருக்கும். அந்த ஒரு மணி நேரம் மட்டும் எனக்கு அவர்மேல் கோபமே வராது.

1981இல் மிக்காயேல் வீராம்பட்டினத்துப் பெண் ஆதிலட்சுமியைக் கட்டிக்கொண்டான். அவன் படகு இஞ்சின் பழுது பார்க்கிறவன், அங்கே போன இடத்தில் பழக்கம். கோயிலில் பூசை இல்லை, சாமியார் இல்லை, ரெஜிஸ்தர் கல்யாணம். மாமா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். என் வீட்டுக்காரரும் கூடவே குதித்தார். அவன் பேசாமல் கிளம்பி வைத்திக்குப்பத்தில் வீடு பிடித்துக்கொண்டான். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம்.

மூன்று வருஷம் கழித்து மாமா படுக்கையில் விழுந்தார். போகப்போகிறோம் என்று தெரிந்ததும் மாதாவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். அத்தையின் வலது கையைப் பிடித்து மாதாவின் பாதத்தில் வைத்தார். "அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லு." மாமாவுக்கு மூச்சு இழுத்தது. "சொல்லு விர்ஜினி." நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை சொன்னார்: "அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன். மிதிச்சா இந்தக் கையால அதுக்கப்புறம் உன்னத் தொட மாட்டேன் தாயே." ஐந்தாம் நாள் மாமா போய்விட்டார்.

இது மிக்காயேல் காதுக்கும் போயிற்று. அப்பா சாவுக்கு வந்து தெருவிலேயே நின்றுவிட்டுப் போனான். "எங்கம்மா என் வாசப்படிய மிதிக்கிற அன்னிக்குத்தான் நான் அந்த வீட்டு வாசப்படிய மிதிப்பேன்" என்று யாரிடமோ சொன்னானாம். அம்மா மாதிரியே பிள்ளை, வேறு எப்படி இருப்பான்? அதன் பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது கோயிலில்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு அவன் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவான், பூசை முடிவதற்குள் எழுந்து போய்விடுவான். அத்தை பீடத்தில் நன்மை அப்பம் வாங்கித் திரும்பி வரும்போது அந்தப் பெஞ்சைப் பார்ப்பார். வாரத்துக்கு அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த மகன்.

அவனுக்குப் பிள்ளை இல்லை. பெத்தவளோட சத்தியம்தான் அடிச்சிருக்கு என்று ஊரில் நாலு பேர் பேசினார்கள். அப்படிப் பேசினவள் ஒருத்தியை மார்க்கெட்டில் வைத்து நான் நாறடித்தேன். வீட்டுக்கு வந்து பெருமையாக அத்தையிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே, "நானும் அதத்தான் நெனச்சிகினு இருக்கேன், சூசான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குத்தான் நாங்கள் மாமியார் மருமகள் சண்டையை விட்டோம்.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்ததே, அப்போது வைத்திக்குப்பத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். எண்பது வயதில் அத்தை பத்து நாள் அங்கே சோறு போட்டார். இரண்டாம் நாள் வரிசையில் தட்டோடு ஆதிலட்சுமி வந்து நின்றாள். தலையெல்லாம் மணல், கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு. அத்தை ஒரு கரண்டி போட்டார், இன்னொரு கரண்டி போட்டார், தட்டு நிரம்பி வழிந்தது, இன்னும் போட்டார். "போதுங்க" என்றாள் அவள். "அவன் சாப்ட்டானா?" என்றார் அத்தை. "இன்னும் இல்லீங்க. படகு தேடப் போயிருக்காரு." "அவனுக்குச் சூடா குடு" என்றார். இருபத்துமூன்று வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அடுத்த அக்டோபரில் அத்தைக்குக் காய்ச்சல். மாதம் முடிய இன்னும் ஒன்பது வீடு பாக்கி இருந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் தங்கியிருந்த மாதாவை முதல் தடவையாக என் கையில் கொடுத்தார். "தூங்குற கொழந்தையத் தூக்குற மாதிரி தூக்கு. வழியில யார்கூடவும் சண்ட போடாத" என்றார். அன்றைக்குப் போகவேண்டியது வைத்திக்குப்பத்தின் கடைசித் தெருவில் இருக்கும் நர்ஸ் சிந்தி வீடு.

பாதி வழியில் வானம் பொத்துக்கொண்டது. கரண்டும் போயிற்று, மெழுகுவத்தியும் அணைந்தது. கூட வந்தவர்கள் ஆளுக்கொரு கூரைக்கு ஓடினார்கள். பிளாஸ்டர் சுரூபம், நனைந்தால் வண்ணமெல்லாம் ஊறி உரிந்துவிடும். முந்தானையை மாதாவின் தலையில் போர்த்திக்கொண்டு, திறந்திருந்த முதல் கதவுக்குள் ஏறிவிட்டேன். உள்ளே ஒரு பெண் மண்ணெண்ணெய் விளக்கோடு திரும்பினாள். ஆதிலட்சுமி! அந்த வீட்டுக்கு நான் ஒருநாளும் போனதில்லை. வேண்டுமென்றே செய்தாயா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். மழைக்குத்தான் ஏறினேன், மாதாமேல் ஆணை, எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

ஆதிலட்சுமி விளக்கைக் கீழே வைத்தாள். சாமி தூக்கி வருகிறவர்களுக்கு அவள் ஊரில் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வந்து என் காலில் ஊற்றினாள். டிவியை இறக்கிவிட்டு அந்த மேசையில் புதுத் துண்டு விரித்து மாதாவை வாங்கி வைத்தாள். பாதத்தில் குங்குமம் வைத்தாள், சூடம் காட்டினாள். அடுத்து அகல் விளக்கை எடுத்துத் திரி போட்டாள். "ஐயோ, வெளக்கு ஏத்திடாதம்மா!" என்று நான் கத்துவதற்குள் ஏற்றிவிட்டாள். இருட்டான வீட்டில் மாதாவின் முகம் மட்டும் மஞ்சளாக எழுந்து நின்றது. கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மிக்காயேல் நனைந்துபோய் வந்தான். வாசலில் நின்று மாதாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணி" என்றான். அந்தக் குரலில் அப்படிக் கேட்டு எத்தனை வருஷம்!

"மழைக்கு ஏறிட்டேன்டா. உன் பொண்டாட்டி வெளக்கு ஏத்திட்டா. நாளைக்கு சாயங்காலம் வந்து எடுத்துக்குறேன்."

"நீங்க வராதீங்க அண்ணி. அம்மா வரட்டும்."

"அம்மாவுக்குக் காய்ச்சல்டா. சத்தியம் வேற இருக்கு, உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அம்மா வராம மாதாவ யார் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்றான். மிரட்டலாக ஆரம்பித்த குரல் முடியும்போது உடைந்துவிட்டது. அவன் திரும்பி நின்று தலையைத் துவட்டிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஒகுஸ்த் என்னைப் பிய்த்து எறிந்தார். "புத்தி இருக்கா உனக்கு? வேற வீடே கெடைக்கலயா?" என்று ஆரம்பித்து, நானே போய்த் தூக்கி வருகிறேன் என்று குடையை எடுத்தார். "ஒகுஸ்த், உக்காரு" என்றார் அத்தை படுக்கையிலிருந்து. என்னிடம் கேட்டார்: "மாதா நனஞ்சிட்டாங்களா?" இல்லை என்றேன். "அந்தப் பொண்ணு என்னா பண்ணுச்சு?" "என் காலக் கழுவிச்சு, அத்தை." அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் பங்குச் சாமியார் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாகக் கிடக்கிறவர் கையைப் பிடித்து வாங்கின சத்தியம் செல்லாது, உங்களை விடுவிக்கிறேன் என்றார். அத்தை நன்றியாகத் தலையாட்டினார். "மெர்சி, சாமி. நீங்க விடுவிச்சிட்டீங்க. ஆனா வார்த்த என் வாய்லேர்ந்து இல்ல வந்துச்சு?" என்றார். சாமியார் என்னைப் பார்த்தார்.

மத்தியானம் கஞ்சி குடித்துத் தூங்கினார். எழுந்ததும் முகம் வேறு மாதிரி இருந்தது, எங்கேயோ போய்விட்டு வந்தவர் மாதிரி. "கனவு கண்டேன், சூசான். மாதா அவன் வீட்ல கால நீட்டி உக்காந்திருக்காங்க. முக்காட்ட எடுத்து ஆணியில மாட்டிட்டாங்க. ஆதிலட்சுமி மீன் வறுத்துக் குடுக்குறா, சாப்புடுறாங்க. நான் வாசல்ல நிக்கிறேன். என்னப் பாத்து, ஏண்டி வந்தேன்னு கேக்கல. 'ஏண்டி இவ்ளோ நேரம்'னு கேக்குறாங்க." பிறகு, "அந்த வெள்ளப் புடவைய எடு" என்றார்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். விஷயம் பரவி, ஜெபத்துக்கு எப்போதும் வராத கூட்டமெல்லாம் வந்திருந்தது. ஒகுஸ்த் மட்டும் தெரு முனையிலேயே நின்றுவிட்டார். மிக்காயேல் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவன் உள்ளே சுவரோரம் நின்றிருந்தான். வா என்றும் சொல்லவில்லை, கண்ணை எடுக்கவும் இல்லை.

பக்கத்து வீட்டுப் படகுக்காரர் கோவிந்தராசு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஆயா, இதுல உக்காருங்க. நாங்க நாலு பேரு அப்டியே தூக்கி உள்ள வெச்சிடுறோம். உங்க காலு வாசப்படியில படாது. சத்தியமும் கெடாது." கூட்டத்தில் பாதிப் பேருக்கு முகம் மலர்ந்தது. எனக்கும்தான்.

அத்தை சிரித்துவிட்டார். "மாதா என்னா தாசில்தாரா, ஏமாத்துறதுக்கு? நாற்காலிய உள்ள கொண்டுபோ கோவிந்தராசு, அப்புறமா உக்காந்துக்குறேன்." பிறகு உள்ளே பார்த்து, "ஆதிலட்சுமி, மாதாவ வாசப்படிகிட்ட கொண்டா" என்றார்.

அவள் கொண்டுவந்து வாசப்படிக்கு உள்ளே நின்றாள். அத்தை தெருவில் நின்றபடி வலது கையை மாதாவின் பாதத்தில் வைத்தார். குங்குமம் விரலில் ஒட்டியது. இடது கையால் நீலக் கச்சையை ஒருமுறை வருடினார். நாற்பது வருஷம் இடுப்பில் வைத்துச் சுமந்த மாதா. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் அத்தை, வீட்டுக்குப் போகலாம் என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் இரண்டு கைகளையும் எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "போய்ட்டு வரேன் தாயே" என்றார். வலது காலைத் தூக்கி வாசப்படியில் ஊன்றி மிதித்து உள்ளே போனார்.

மிக்காயேலுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவ்வளவு பெரிய ஆள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுததை அந்தத் தெருவே பார்த்தது. அத்தை அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் தெரு முனையிலிருந்து ஒகுஸ்தும் வந்து வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

முடிவு ஜெபம் சொன்னதும் மாதாவை எடுக்கவேண்டும். எல்லாரும் அத்தையைப் பார்த்தோம். அவர் கையை வெளியே எடுக்கவில்லை. "ஆதிலட்சுமி, தூக்கு. உன் வீட்டுக்கு வந்தவங்கள நீதான் வழியனுப்பணும்" என்றார். கூட்டத்தில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், நின்றுவிட்டது. வீராம்பட்டினத்து ஆதிலட்சுமி மாதாவைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் சிந்தி வீட்டைப் பார்த்து எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். அத்தை கடைசியில், மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு மூன்று அக்டோபர் இருந்தார். மாதாவைத் தொடவே இல்லை. துடைப்பதுகூட நான்தான். சாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அசையவில்லை. கடைசி வரிசையில் மிக்காயேலோடு வருவார். ஜெபமாலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவனிடம் ஏதாவது பேசிச் சிரிப்பார், நான் திரும்பி முறைக்கவேண்டியிருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "கை சும்மா இருக்குதா அத்தை?"

"எங்க இருக்கு? துடிக்குது" என்றார். "ஆனா அவன் தலையத் தொடாம துடிச்சிதே, அதுக்கு இது ஒண்ணுமேயில்ல."

2008 நவம்பரில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். நானும் ஆதிலட்சுமியும்தான் குளிப்பாட்டிப் புடவை கட்டினோம். கூச்சப்படுவாரே என்று மெதுவாகத் தொட்டோம். பெட்டியில் வைத்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. உயிரோடு இருக்கும்போதுதான் தொடவில்லை, இப்போதாவது தொடட்டும் என்று மாதாவைத் தூக்கிவந்து அவர் கைக்குப் பக்கத்தில் வைக்கக் குனிந்தேன்.

மிக்காயேல் என் தோளைப் பிடித்தான். "வேணாம் அண்ணி."

"செத்தவங்களுக்கு என்னடா சத்தியம்?"

"எனக்காக ஒருவாட்டி ஒடச்சாங்க. இன்னொரு வாட்டி நாம ஒடைக்க வேணாம்."

மாதாவை ஆதிலட்சுமியிடம் கொடுத்தேன். அவன் பெட்டியோரம் மண்டிபோட்டு, குளிர்ந்துபோன அந்த வலது கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். நாங்கள் யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. பிறகு அவனே எழுந்து, மூடச் சொன்னான்.